கிரீஸுக்கு அடியில் இருந்த கறுப்பு

எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் 1000, 1959ஆம் வருடத்து பிரிட்டிஷ் கார். தாத்தா வாங்கியது. அவர் போன பிறகு ரோஸ்ஹில்லில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் பதினெட்டு வருடம் அசையாமல் நின்றது. மொரிஷியஸில் எங்கே குடியிருந்தாலும் கடல் தூரமில்லை. உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. ஆனாலும் வண்டியின் உடம்பு நான் பயந்த அளவுக்குக் கெட்டுப்போகவில்லை. கெட்டிருந்தது கீழே, முன்சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள்.

ஓடினால் போதும் என்றால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. இங்கிலாந்தில் உள்ள கௌலி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அந்தப் பாகங்கள் எப்படி இருந்தனவோ அப்படியே வேண்டும் என்று நினைத்தேன். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் வைக்கவில்லை. வண்டியின் நீளவாக்கில் இரண்டு இரும்புத் தண்டுகள், டார்ஷன் பார். சக்கரம் மேலே ஏறும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது முறுக்கு அவிழும். 1948இல் வந்த ஒரு சிறிய காருக்கு இவ்வளவு அழகான யோசனையா என்று எனக்கு இன்னமும் வியப்பு.

முதல் சனிக்கிழமையே ஒரு தவறு செய்தேன். இடது பக்கத்தைக் கழற்றியதும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் எல்லாமே வெறும் சாம்பல் நிற இரும்பு. எது பெயின்ட் அடித்திருந்தது, எது பூச்சுப் போட்டிருந்தது, எது வெறுமனே எண்ணெய் தடவி விட்டது, ஒன்றும் தெரியவில்லை. அறுபது வருட கிரீஸும் சேறும்தான் அந்த அடையாளங்களைக் காப்பாற்றி வைத்திருந்தன. அதை நானே கழுவி ஊற்றிவிட்டேன்.

வலது பக்கத்தை வேறு மாதிரி எடுத்தேன். கழற்றும் முன்பே சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதினேன். டார்ஷன் பாரின் பின்நுனி எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று புகைப்படம் எடுத்தேன். அப்புறம் சக்கரத்தைக் கீழே தாங்கும் இரும்புக் கைக்கு, அதாவது கீழ்க் கைக்கு, அடியில் ஜாக்கைக் கொடுத்துத் தூக்கி, மேலே அதிர்வை அடக்கும் டாம்பரோடு உள்ள இணைப்பைக் கழற்றி, ஜாக்கை மெல்ல இறக்கினேன். முறுக்கு முழுக்க அவிழும் வரை அவசரப்படக் கூடாது. அந்தத் தண்டுக்குள் இருக்கும் விசை கையை உடைத்துவிடும்.

அழுக்கை மரச் சீவலால் ஒவ்வொரு படலமாக எடுத்தேன். ஒரு கீழ்க் கைக்கு இரண்டு மாலைகள் ஆயின. வாஷர் உட்கார்ந்திருந்த இடங்கள்தான் நிறையச் சொல்லின. காற்றும் தண்ணீரும் போகாத இடம் அது. வண்டியின் அடிச்சட்டத்தில் இருந்த பெரிய வாஷரை எடுத்தபோது அடியில் வண்டியின் பச்சை நிறம் அப்படியே இருந்தது. அதாவது உடம்பு முழுக்கப் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் இந்தப் பாகங்களை மாட்டியிருக்கிறார்கள். கீழ்க் கையில் இருந்தது மெல்லிய, அரைப் பளபளப்புக் கறுப்பு. அதற்கு மேல் பிற்காலத்தில் யாரோ தடவிய தார் போன்ற பூச்சு. ஒரு நட்டின் உள்முகத்தில் வெள்ளி கலந்த சாம்பல் நிறப் பூச்சு மிச்சம் இருந்தது. டார்ஷன் பாரின் நுனியில் ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு. அதை நோட்டில் வரைந்து, நுனியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்றும் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சாம்பல் பூச்சு காட்மியம் என்றே நினைக்கிறேன். காட்மியம் உடம்புக்கு விஷம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ சூடாக்குவதோ கூடாது. அதற்குப் பதில் துத்தநாகப் பூச்சு போட்டேன். மஞ்சளும் நீலமும் இல்லாத வெறும் நிறத்தில் கேட்டு வாங்கி, பளபளப்பைக் கொஞ்சம் மங்க வைத்தேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடினமாக்கிய எஃகை அமிலத்தில் முக்கி மின்பூச்சுப் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே ஏறி எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் சாதாரண நட்டு, வாஷர்களை மட்டும் பூச்சுக்கு அனுப்பினேன். டார்ஷன் பாரை அமிலத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. அதன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கையால் துடைத்து, கையால் பெயின்ட் அடித்தேன். இடது தண்டும் வலது தண்டும் மாறக் கூடாது. ஒரு திசையில் முறுக்கிப் பழகியதை எதிர்த் திசையில் முறுக்கினால் ஒடிந்துவிடலாம்.

கீழ்க் கைகளை ஒரு பட்டறையில் கொடுத்து, கறுப்புப் பெயின்ட் மெல்லிசாக அடிக்கச் சொன்னேன். பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் தடித்த பூச்சு, போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் திருப்பித் தந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் இந்த வண்டியில் ஒருபோதும் இருந்திராத அழகு. போல்ட் உட்காரும் முகங்களிலும் தடிப்பாக ஏறியிருந்தது. நாளடைவில் அந்தப் படலம் அமுங்கினால் போல்ட் தளர்ந்துபோகும். ஓரிடத்தில் பெயர்ந்தால் உப்புத் தண்ணீர் அடியில் புகுந்து வெளியே தெரியாமல் அரிக்கும். மொரிஷியஸுக்கு அது ஆகாது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, நானே இரண்டு மெல்லிய பூச்சு அடித்தேன்.

போல்ட்டுகளும் பெரிய பாடுதான். இங்கே கென்காய்ரி என்று சொல்லும் இரும்புக் கடைகளில் கிடைப்பவை மெட்ரிக். மைனருக்கு வேண்டியது அங்குலக் கணக்கில் யு.என்.எஃப் மரை. பழைய போல்ட்டுகளில் மரை நன்றாக இருந்தவற்றை எல்லாம் காப்பாற்றினேன். தலையில் உள்ள பழைய முத்திரை எழுத்துகள் புதியவற்றில் வராது.

ஒரே ஒரு இடத்தில் பழையதைக் காப்பாற்றும் ஆசையை விட்டேன். முன்சக்கரம் திரும்பும் ஸ்விவல் பின்னின் மேலும் கீழும் மரை இருக்கும். அது ட்ரனியன் என்ற பாகத்துக்குள் திருகியபடி ஓடும். கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்துகொண்டே போய் ஒரு நாள் பிடி விட்டுச் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் இடது கீழ் மரை கத்தி முனை போல ஆகியிருந்தது. பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. தாத்தா காலத்தில் அம்மாவும் சித்தியும் இதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். இரண்டு பக்கமும் புதியதே போட்டேன். இடதுக்கும் வலதுக்கும் மரையின் திசை வேறு, ஆர்டர் கொடுக்கும்போது அதைப் பார்க்க வேண்டும். டிரையம்ஃப் ஹெரால்டு என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் காரை வைத்திருப்பவர்கள் ட்ரனியனுக்கு எண்ணெய் விடச் சொல்வார்கள். அது அந்த வண்டிக்குச் சரி. மைனருக்குக் கிரீஸ்தான், ஆயிரம் மைலுக்கு ஒரு முறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு.

டாம்பர்கள் ஆம்ஸ்ட்ராங் கம்பெனியுடையவை, நெம்புகோல் போன்ற கை உள்ள பழைய மாதிரி. பழுது பார்த்தவை இங்கிலாந்தில் கிடைக்கும், ஆனால் நம்முடையதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும். நான் எங்களுடையதையே கார்ட்போர்டில் கட்டி அனுப்பி, அதையே சரிசெய்து திருப்பி அனுப்பக் கேட்டேன். போகவர நான்கு மாதம். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளை அதற்குள் பிரித்துத் துருவெடுத்து மாட்டிவிட்டேன்.

கடைசியில் பொருத்தும்போது, எங்கள் தெருவில் பழைய பஸ் மெக்கானிக்காக இருந்த மாமா வந்து பார்த்தார். ரப்பர் புஷ், அதாவது இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை, உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகு இறுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும் என்று எங்கள் ஊர் கிரியோல் மொழியில் விளக்கினார். அவர் வராமல் இருந்திருந்தால் புதிய புஷ் எல்லாம் வீணாகியிருக்கும்.

மஞ்சள் பொட்டை அளந்து வைத்த இடத்திலேயே வைத்தேன். வலது தண்டில் மட்டும். இடது தண்டில் இருந்ததா என்பதை நான் முதல் சனிக்கிழமையே தேய்த்துவிட்டேனே. தெரியாததை வரைய மனம் வரவில்லை.

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு, காத்ர் போர்ன் வழியாக கோர் த கார்து மலையடிவாரத்து முருகன் கோவில் வரை போய் வந்தேன். மேடு பள்ளங்களில் சத்தமே இல்லை. வந்து அளந்தால் இடது பக்கம் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. விரதம் முடிந்ததும் அந்தத் தண்டின் பின்நுனியைப் பிடித்திருக்கும் நெம்புகோலை ஒரு துளை தள்ளி வைக்க வேண்டும்.