என்ஜின் ரூமில் கேட்ட உக்ரைன் வரலாறு

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவர்களுக்கு ரஷ்யரையும் உக்ரைனியரையும் சேர்த்தே பார்த்துப் பழக்கம். 2021 கணக்குப்படி, உலகக் கப்பல்களில் ஓடும் மாலுமிகளில் 100-க்கு ஏறக்குறைய 15 பேர் இந்த இரண்டு நாட்டுக்காரர்கள். கேப்டன் ஒடேசாக்காரராக இருப்பார், சீஃப் என்ஜினியர் ரஷ்யராக இருப்பார். அடுத்த கப்பலில் இது மாறியிருக்கும். சோவியத் காலத்தில் ஒடேசாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பிளாக் சீ ஷிப்பிங் கம்பெனி உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று. ஒடேசாவிலும் கெர்சனிலும் நொவொரொஸிஸ்கிலும் படித்தவர்கள் அதே கப்பல்களில் சேர்ந்து ஓடினார்கள். 1991-க்குப் பிறகு அந்தக் கம்பெனி சிதைந்தது. படித்த ஆட்கள் கிரேக்க, ஜெர்மன் முதலாளிகளின் கப்பல்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

2021 கடைசியில் நான் தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் ஒரு பல்க் கேரியரில் சீஃப் ஆபீசராக இருந்தேன். கேப்டன் இந்தியர். சீஃப் என்ஜினியர் உக்ரைனின் மிகொலாயிவ் நகரத்துக்காரர். செகண்ட் என்ஜினியர் ரஷ்யாவின் நொவொரொஸிஸ்க்காரர். இரண்டுமே கருங்கடல் துறைமுகங்கள். கப்பலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சீஃப், செகண்ட், அவ்வளவுதான். இரண்டு பேரும் தங்களுக்குள் ரஷ்ய மொழியில் பேசிக்கொள்வார்கள். ஒரே பாட்டு, ஒரே பழைய சினிமா, ஒரே பீட்ரூட் சூப். வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்றே தோன்றியது. செகண்டும் அப்படித்தான் சொல்வார்: "நாங்கள் ஒரே மக்கள்." சீஃப் அதை ஒருபோதும் ஆமோதித்ததில்லை. மறுத்தும் பேச மாட்டார், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். செகண்ட் இவ்வளவு பிரியத்தோடு சொல்கிற ஒரு வாக்கியம் சீஃப்பை ஏன் இப்படி எழுப்பிவிடுகிறது என்று எனக்கு விளங்க அந்தக் கான்ட்ராக்ட் முழுவதும் ஆனது.

ஒரு சனிக்கிழமை மெஸ் ரூமில் ரூபாய் நோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. செகண்ட் பர்ஸிலிருந்து 1000 ரூபிள் நோட்டை எடுத்து வைத்தார். அதில் இளவரசர் யாரொஸ்லாவின் சிலை. சீஃப் தன் பங்குக்குப் பழைய 2 ஹ்ரிவ்னியா நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அதிலும் யாரொஸ்லாவ், ஆனால் முகம் வேறு மாதிரி. பதினோராம் நூற்றாண்டில் கீவில் இருந்து ஆண்ட ஒருவர், இரண்டு நாட்டு நோட்டிலும் இடம்பிடித்துவிட்டார். அவருடைய தந்தை வொலொதிமிர் 988-இல் கிறிஸ்தவத்தைத் தழுவினார். ரஷ்யர்களுக்கு அவர் விளாதிமிர். கீவில் 1853 முதல் அவருக்குச் சிலை இருக்கிறது. மாஸ்கோவில் 2016-இல் கிரெம்ளினுக்கு அருகே ஒரு பெரிய சிலை வைத்தார்கள்.

கீவை மையமாகக் கொண்ட அந்தப் பழைய அரசு 1240-இல் மங்கோலியர் கீவைத் தரைமட்டமாக்கியதோடு முடிந்துபோனது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். மாஸ்கோ மங்கோலியரின் கீழ் கப்பம் கட்டி வளர்ந்து, ஜார் என்ற ஒரே மன்னர் ஆளும் நாடாக ஆனது. கீவ் லித்துவேனியர் கைக்குப் போய், 1569-இல் போலந்தின் கீழ் வந்தது. போலந்துப் பிரபுக்கள், கத்தோலிக்கச் சபையின் நெருக்கடி, தெற்குப் புல்வெளியில் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட கொசாக் போர்வீரர்கள் என்று அங்கே வாழ்க்கை வேறு திசையில் போனது. ஏறக்குறைய 400 ஆண்டுகள் வேறு வேறு ஆட்சியில் இருந்தவர்களை, அதற்கு முந்தைய ஓர் இளவரசரைக் காட்டி ஒரே மக்கள் என்று முடிவு கட்ட முடியாது என்பது என் எண்ணம்.

1654-இல் பெரெயாஸ்லாவ் ஊரில் நடந்ததைச் சீஃப் எனக்குக் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நின்று சொன்னார். போலந்தை எதிர்த்துக் கிளம்பிய கொசாக் தலைவர் பொஹ்தான் ஹ்மெல்னீத்ஸ்கி, ஜாரின் பாதுகாப்பை ஏற்க முடிவு செய்கிறார். கொசாக்குகள் ஜாருக்குச் சத்தியம் செய்ய வேண்டும். சரி, ஆனால் ஜார் சார்பில் அவருடைய தூதர் புதுர்லினும் எங்களுக்குச் சத்தியம் செய்யட்டும் என்கிறார் ஹ்மெல்னீத்ஸ்கி. போலந்து மன்னர்கள் அப்படிச் செய்வது வழக்கம். ஜார் தன் குடிமக்களுக்குச் சத்தியம் செய்வதில்லை என்று மறுத்துவிடுகிறார் தூதர். கொசாக்குகள் கோபித்துக்கொண்டு வெளியே போகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள், கடைசியில் தாங்கள் மட்டும் சத்தியம் செய்கிறார்கள். கொசாக்குகள் அதை இருதரப்பு ஒப்பந்தம் என்று நினைத்தார்கள். மாஸ்கோ அதைச் சரணாகதியாக எடுத்துக்கொண்டது. பின்னாளில் சோவியத் பாடநூல் அதற்கு மறு இணைப்பு என்று பெயர் வைத்தது. செகண்டும் சீஃப்பும் பள்ளியில் படித்தது அந்தப் பாடம்தான். அதன் 300-ஆம் ஆண்டு நிறைவான 1954-இல்தான் கிரிமியா ரஷ்யாவிடமிருந்து உக்ரைன் குடியரசுக்கு மாற்றப்பட்டது. இந்தப் பூசலில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அந்தச் சத்தியத்தில் போய் நிற்கும் என்று சீஃப் சொன்னார். நான் ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகான 200 ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1708-இல் கொசாக் தலைவர் மஸேப்பா ஸ்வீடன் மன்னரோடு சேர்ந்தார், அடுத்த ஆண்டு பொல்தாவா போரில் ஜார் பீட்டரிடம் தோற்றார். ரஷ்யர்களுக்கு அவர் துரோகி. உக்ரைனின் 10 ஹ்ரிவ்னியா நோட்டில் அவர் படம் இருக்கிறது. 1775-இல் இரண்டாம் கேத்தரீன் கொசாக்குகளின் ஸபொரோஷியக் கோட்டையை அழித்தார், 1783-இல் கிரிமியாவை எடுத்துக்கொண்டார். 1863-இலும் 1876-இலும் உக்ரைனிய மொழியில் அச்சிடுவதற்குத் தடைகள் வந்தன. மேற்கே லிவிவ் அப்போது ஆஸ்திரியாவின் கீழ் இருந்ததால் அங்கே அச்சகங்கள் ஓடின. மேற்கு உக்ரைனுக்கும் கிழக்கு உக்ரைனுக்கும் இன்றும் தெரிகிற வேறுபாட்டுக்கு இது ஒரு பெரிய காரணம்.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை வாட்ச் டியூட்டியில் நான் பிரிட்ஜில் இருந்தேன். நன்றாக இருட்டிவிட்டது. கீழே முன்பக்க ஜன்னல் ஒன்றிலிருந்து வெளிச்சம் டெக்கில் விழுந்துகொண்டிருந்தது. இரவில் முன்பக்க ஜன்னல்களில் திரை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜில் இருப்பவருக்குக் கடல் சரியாகத் தெரியாது. சீஃப்பின் அறை அது. போன் செய்தேன். "பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். சொன்னபடி அணைத்தார், பிறகு அவரே மேலே வந்தார். நவம்பர் நான்காவது சனிக்கிழமை ஊரில் எல்லோரும் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம், 1932-33 பஞ்சத்தில் செத்தவர்களுக்காக. கப்பலில் நெருப்பு கூடாது என்பதால் டார்ச் லைட்டை ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்தார்.

அது மழை பொய்த்து வந்த பஞ்சம் இல்லை. ஸ்டாலின் அரசு கூட்டுப்பண்ணைகளுக்கு எட்ட முடியாத தானிய இலக்கு வைத்தது. 1932 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவருக்குக்கூட 10 ஆண்டு சிறை, அல்லது மரணம். இலக்கை எட்டாத கிராமங்களைக் கறுப்புப் பட்டியலில் போட்டு உப்பு, மண்ணெண்ணெய் எதுவும் போகாமல் தடுத்தார்கள். 1933 ஜனவரியில் உக்ரைனையும் ரஷ்யாவின் தெற்கிலுள்ள குபான் பகுதியையும் விட்டு விவசாயிகள் வெளியேறக் கூடாது என்று உத்தரவு. உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிற கணக்கு. அந்த ஆண்டுகளிலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை, கருங்கடல் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் கோதுமையோடு போய்க்கொண்டுதான் இருந்தன. சீஃப்பின் பாட்டியோடு பிறந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மிகொலாயிவில் நானே கோதுமை ஏற்றியிருக்கிறேன். துறைமுகத் தானியக் கிடங்கின் எலிவேட்டர் குழாயிலிருந்து கப்பலின் ஹோல்டுக்குள் தானியம் கொட்டும்போது எழும் தூசி மூக்கு, காது, ஓவரால் பை என்று எல்லா இடத்திலும் புகுந்துகொள்ளும். டெக்கில் சிந்தியதைக் கூட்டிக் குப்பையில் போடுவோம். சீஃப் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சில நாள் கழித்து பாலாஸ்ட் பம்ப் விஷயமாக என்ஜின் கண்ட்ரோல் ரூமுக்குப் போனபோது இந்தப் பேச்சு செகண்ட் வரைக்கும் போயிருந்தது. "பஞ்சத்தில் எங்கள் ஊரிலும்தான் செத்தார்கள். கஜகஸ்தானில் செத்தார்கள், வோல்காவில் செத்தார்கள். அதை ஏன் உக்ரைனியர் மேல் நடந்த கொலை என்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், மாஸ்கோ சொல்வதும் இதுதான். அப்புறம் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். குபானில் ஒரு கொசாக் கிராமத்தவர். பாட்டி பேசியது கிட்டத்தட்ட உக்ரைனிய மொழி, தாலாட்டெல்லாம் உக்ரைனியப் பாட்டு. "பார்த்தீர்களா, அதனால்தான் சொல்கிறேன், ஒரே மக்கள்" என்றார்.

சீஃப் காபி கப்பைக் கீழே வைத்தார். கேத்தரீன் கோட்டையை இடித்த பிறகு, 1792-இல் ஸபொரோஷியக் கொசாக்குகளில் ஒரு பகுதியினரைக் குபானில்தான் குடியேற்றினார்கள். 1926 கணக்கெடுப்பில் குபான் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களை உக்ரைனியர் என்றே பதிந்தார்கள். 1932 டிசம்பரில் ஓர் ஆணை வந்தது. குபானில் உக்ரைனியப் பள்ளிகள், செய்தித்தாள்கள் எல்லாம் ரஷ்ய மொழிக்கு மாறின. பொல்தாவ்ஸ்கயா என்ற பெரிய கிராமத்தையே காலி செய்து மக்களை வடக்கே அனுப்பி, ஊருக்குக் கிராஸ்னோஆர்மெய்ஸ்கயா என்று சோவியத் ராணுவமான செஞ்சேனையின் பெயரை வைத்தார்கள். பஞ்சமும் அதே குளிர்காலத்தில்தான். "உங்கள் பாட்டி உக்ரைனியர். நீங்கள் ரஷ்யர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்களா?" என்றார் சீஃப்.

செகண்ட் பதில் சொல்லவில்லை. ஒரே பாட்டியை வைத்து இரண்டு பேரும் நேர் எதிரான முடிவுக்குப் போனார்கள். எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான். இரண்டும் ஒன்றுதான் என்று ரஷ்யர் அன்போடு சொல்லும்போது, நீ என்று தனியாக ஒருவன் இல்லை என்பதாக உக்ரைனியர் காதில் விழுகிறது. ஏனென்றால் ஒன்றாக்கிய ஒவ்வொரு முறையும் காணாமல் போனது அவர்கள் பக்கம்தான். வெறும் பகை மட்டும் இருந்திருந்தால் இது எப்போதோ தீர்ந்திருக்கும். சொத்தைப் பிரிக்க மறுக்கும் அண்ணனுக்குத் தம்பி மேல் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது, பாசத்தோடுதான் மறுப்பான்.

செகண்ட் பக்கத்திலும் காயங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அவருடைய தாத்தா செஞ்சேனையில் செத்தவர். உக்ரைனில் தேசியவாதத் தலைவர் ஸ்தெபான் பந்தேராவுக்குச் சிலை வைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. பந்தேராவின் இயக்கத்தவர் ஒரு கட்டத்தில் நாஜிகளோடு சேர்ந்து நின்றதும், 1943-இல் வொலின் பகுதியில் போலந்துக்காரர்களைக் கொன்று குவித்ததும் உண்மை. செஞ்சேனையில் லட்சக்கணக்கான உக்ரைனியர் போரிட்டுச் செத்ததும் அதே அளவு உண்மை. 2014 மே 2 அன்று ஒடேசாவில் தொழிற்சங்கக் கட்டடம் எரிந்து ரஷ்ய ஆதரவாளர்கள் பலர் செத்ததை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். அதே ஆண்டு மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதை ஒரு வரியில் கடந்துவிடுவார். 1991 டிசம்பர் வாக்கெடுப்பில் உக்ரைனில் வாக்களித்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் தனிநாடு கேட்டார்கள், கிரிமியாவில்கூடப் பாதிக்கு மேல் அப்படித்தான் வாக்களித்தார்கள் என்று சீஃப் சொன்னபோது, அது பொருளாதாரக் கஷ்டத்தில் போட்ட ஓட்டு என்றார்.

2022 பிப்ரவரி 24 அன்று நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். அதற்கு மூன்று நாள் முன்பு, உக்ரைனை உருவாக்கியதே லெனின்தான் என்று புதின் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். காலையில் வைஃபை கிடைத்ததும் சீஃப் மனைவியைக் கூப்பிட்டார். நகரத்துக்கு வெளியே குண்டுச் சத்தம். கேப்டன் மெஸ் ரூமில் போரைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். அன்று முதல் சீஃப் செகண்டோடு ரஷ்ய மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டார். வேலைக்கு வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்வார். மெயின் என்ஜினில் ஒரு ஃப்யூவல் பம்ப் மாற்ற வேண்டி வந்தபோது இரண்டு பேரும் இரவு முழுக்கச் சேர்ந்து நின்றார்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் சரியான ஸ்பேனரை வைப்பார், பேச்சே இல்லாமல்.

ஏப்ரலில் ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பல் மஸ்க்வா மூழ்கியது. சின்ன வயது ஆட்கள் சிலர் சீஃப்பிடம் வாழ்த்துச் சொல்லப் போனார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். அந்தக் கப்பலைக் கட்டியது மிகொலாயிவில்தான், அவருடைய அப்பா அந்த யார்டில் வெல்டராக இருந்தவர். நம் நாட்டின் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாகூட மிகொலாயிவில் கட்டியதுதான், பின்னால் ரஷ்யா புதுப்பித்து இந்தியாவுக்கு விற்றது. அதே ஏப்ரலில் மிகொலாயிவின் குடிநீர்க் குழாய் போரில் உடைந்தது. குழாயில் பிறகு வந்தது உப்புத் தண்ணீர்.

வரலாற்றைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே போனது. 1654-ஐயும் 1954-ஐயும் எப்படி வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால் பக்கத்து நாட்டுக்குள் டாங்கிகளை அனுப்ப அதில் எதுவும் காரணம் ஆகாது. செகண்டிடமே இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

சீஃப் கான்ட்ராக்டை நீட்டித்தார். அப்போது ஊருக்குப் போனால் 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் பெரும்பாலோர் திரும்ப வெளியே வர முடியாது, சம்பளம் நின்றுவிடும். கடைசியில் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்ஸாவில் இறங்கினார், மனைவியும் மகளும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஹேண்டோவர் நோட்ஸை செகண்ட் வாங்கிக்கொண்டார். கை குலுக்கவில்லை.

மறு வருடம் செகண்ட் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். அவருடைய அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். பாட்டியின் குடும்பம் பொல்தாவ்ஸ்கயாவைச் சேர்ந்தது, 1932-இல் வெளியேற்றப்பட்டவர்களில் பாட்டியின் பெரியப்பா குடும்பமும் உண்டு. வீட்டில் யாரும் இதுவரை பேசியதில்லையாம். சீஃப்பிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சீஃப் எழுதிய பதில்: "தெரிந்துகொண்டது நல்லது. அதைத் தன் மகனிடம் சொல்லட்டும், என்னிடம் வேண்டாம்." இதை அப்படியே செகண்டுக்கு அனுப்பினேன். அவருடைய மகனுக்கு அப்போது 16 வயது, இரண்டு வருடத்தில் ராணுவ அழைப்பு வரும் வயது. சொல்லிவிட்டேன் என்று மறுநாள் பதில் வந்தது.