விண்டோஸ், மேக், லினக்ஸ்: நடுவில் ஒரு தமிழ்ப் பெயர்

அச்சு வேலை நடக்கும் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே சிஸ்டத்தில் இருக்க மாட்டார்கள். பக்கம் வடிவமைப்பவர்களிடம் விண்டோஸ், படம் திருத்துபவரிடம் மேக், எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் சர்வரில் லினக்ஸ். இந்த மூன்றுக்கும் நடுவே கோப்புகள் ஒழுங்காகப் போய் வரும்படி பார்த்துக்கொள்வது பல வருடமாக என் வேலை.

டிஸ்க்கை எதில் ஃபார்மட் செய்வது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் அமைப்பு எல்லா இடத்திலும் திறக்கும், ஆனால் 4 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை அது வாங்காது. அதற்குப் பின் வந்த எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது, 2020இல் வந்த லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.7இல் அதைப் படிக்கவும் எழுதவும் சாம்சங் எழுதிய டிரைவர் சேர்ந்தது, அதற்கப்புறம் கையில் எடுத்துப் போகும் டிஸ்க்குக்கு நான் வேறு எதையும் யோசிப்பதில்லை. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: விண்டோஸைச் சீக்கிரம் எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், விண்டோஸின் டிஸ்க் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள அந்தப் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அது பழுது இல்லை, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது.

ஆனாலும் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடப்பதைவிட, லினக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸிலும் மேக்கிலும் திறக்க வைக்கும் சம்பா என்ற மென்பொருள் வழியாகச் சர்வரிலேயே எல்லோரும் வேலை செய்வது நல்லது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1990களின் தொடக்கத்தில், நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்தே இதை எழுத ஆரம்பித்தார். பேக்கப்புக்கு நான் தினமும் ஓட்டும் ஆர்சிங்க்கும் அவர் தொடங்கியதுதான். அந்த மனிதருக்கு நான் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறேன்.

என் நேரத்தை அதிகம் தின்றது டிஸ்க் இல்லை, கோப்புப் பெயர். 'பொங்கல் மலர்' என்று ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஃபோல்டர்கள் சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றில் பாதிப் படங்கள், இன்னொன்றில் மீதி. 'பொ'வில் இருக்கும் ஒகரக் குறியை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். விண்டோஸில் தட்டினால் வழக்கமாக ஒன்றாக வரும். மேக்கின் பழைய டிஸ்க் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் அதைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். லினக்ஸுக்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். வரிசை வேறானால் பெயரும் வேறு. கொ, கோ, கௌ வரிசைகள் வரும் எந்தப் பெயருக்கும் இது நடக்கலாம், தேடினாலும் ஒன்றுதான் அகப்படும்.

நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் சர்வரின் டிஸ்க் அமைப்பான எக்ஸ்ட்4 ஒரு பெயருக்கு 255 பைட் கொடுக்கிறது, தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'தமிழ்நாடு' கண்ணுக்கு 5 எழுத்து, உள்ளே 9 குறி, ஆக 27 பைட். அந்த நீளத்தில் 10 சொல் சேர்த்துக் கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்தால் விண்டோஸ் மறுப்பு சொல்லாமல் ஏற்கும், லினக்ஸ் சர்வர் வாங்காது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, பேசாமல் ஆங்கிலத்திலேயே பெயர் வைக்கச் சொல்லிவிடலாமே என்று என் துறையில் இருப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாள் முழுக்கத் தமிழில் மெய்ப்புப் பார்க்கிற ஒருவர் தன் கோப்புக்கு மட்டும் ஏன் 'kolam' என்பதைக் கே-யில் எழுதியதா சி-யில் எழுதியதா என்று தேட வேண்டும்? சரிசெய்ய வேண்டியது சர்வர் பக்கம், அதற்கு வழியும் இருக்கிறது. ஆர்சிங்க்கில் ஐகான்வ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் மேக்கிலிருந்து வரும் பெயர்களைச் சேர்த்தெழுதிக்கொள்ளும். ஏற்கெனவே பிரிந்து கிடப்பவற்றை கான்வ்எம்வி என்ற கருவி மாற்றித் தரும், முதலில் என்ன செய்யப் போகிறது என்று காட்டிவிட்டு, சரி என்று கட்டளையிலேயே சொல்லியிருந்தால்தான் பெயரைத் தொடும். இரண்டையும் இரவு பேக்கப்புக்கு முன் ஓடும்படி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெயரைக் கொஞ்சம் சுருக்கி வையுங்கள் என்பது மட்டும்தான்.