டூ ஸ்ட்ரோக் டீசலின் குரல்

வேலைப் படகு ஒன்றில் சில ஆண்டுகள் நான் பராமரித்த 6-71 என்ற டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினின் குரல், அதை நேரில் பார்க்கும் முன்பே எனக்குப் பழகியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938-இல் கொண்டுவந்த 71 வரிசையைச் சேர்ந்தது அது. 6 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 71 என்பது ஒவ்வொரு சிலிண்டரின் கன அங்குலக் கொள்ளளவு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் எரிப்பு, இதில் சுற்றுக்கு ஒருமுறை நிகழ்வதால், நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும்போதும் 3600 சுற்றில் ஓடுவதாகவே காதுக்குப் படும்.

அந்த ஓசையோடு, காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயரின் ஊளையும் சேர்ந்துகொள்ளும். கூடுதல் திறனுக்காகப் பொருத்தியது என்று புதியவர்கள் அதை நினைப்பதுண்டு. உண்மையில் அது இல்லாமல் இந்த எஞ்சினால் மூச்சுவிடவே முடியாது. பிஸ்டன் கீழே இறங்கி, சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் சுவரிலுள்ள துளைகளைத் திறந்ததும், ப்ளோயர் தள்ளும் காற்று உள்ளே பாய்ந்து, எரிந்த புகையை மேலேயுள்ள எக்ஸாஸ்ட் வால்வுகளின் வழியே வெளியேற்றிவிட்டு, அடுத்த எரிப்புக்குத் தானே தங்கிவிடும். காற்று நுழைவதற்கெனத் தனி வால்வு கிடையாது. இவ்வளவு எளிய ஏற்பாட்டை இன்றும் நான் வியக்கிறேன்.

அவ்வரிசையின் சிறிய எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் பிஸ்டன், லைனர் போன்ற பல பாகங்கள் பொதுவானவை என்பதால், படகுக்கு வாங்கிவைத்த உதிரிபாகம் அதே வரிசை எஞ்சினில் ஓடிய ஜெனரேட்டருக்கும் கைகொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் வீரர்களைக் கரையில் இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் பலவற்றை இதே 6-71 செலுத்தியது; ஷெர்மன் டாங்கியின் எம்4ஏ2 வகையில் இரண்டை இணைத்துப் பொருத்தினார்கள்.

எங்கள் படகின் எஞ்சின் அச்சுறுத்தியதும் உண்டு. ஒருநாள் ப்ளோயரின் ஆயில் சீல் தேய்ந்து, கசிந்த ஆயில் காற்றோடு உள்ளே போக, எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகமெடுத்தது. அந்நிலையில் டீசலை நிறுத்தினாலும் பயனில்லை. காற்றை அடைத்தால்தான் நிற்கும். அவசர மூடியின் கம்பியை இழுத்தபின் வந்த அமைதியை நான் மறக்கவில்லை.

கசியும் ஆயிலும் புகையும் இரைச்சலும் குறைகள்தாம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அதன் இடத்தைப் பிடித்ததில் நியாயம் உண்டு. எங்கள் படகிலும் மாற்றினார்கள். ஆனாலும் தொலைவில் எங்கேனும் அந்தக் குரல் எழுந்தால், அது எத்தனை சிலிண்டர் எஞ்சின் என்று காதாலேயே கணிக்கும்வரை என் கால் நகர்வதில்லை.