செட்செர்லெக்கில் வெள்ளை மாதம்

2025 பிப்ரவரி 26, புதன்

மங்கோலியாவின் ஆர்காங்காய் மாகாணத் தலைநகரான இந்தச் சிற்றூருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தன்னார்வலராக வந்தபின் எனக்கு வாய்க்கும் முதல் ‘சகான் சார்’ இது. மங்கோலியர்களின் புத்தாண்டான இப்பண்டிகையின் பெயருக்கு ‘வெள்ளை மாதம்’ என்று பொருள். நான் தங்கியிருக்கும் வீட்டில் இன்று பகல் முழுவதும் ‘பூஸ்’ பிடித்தோம். கொத்திய ஆட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் மாவு வட்டத்தில் வைத்து, ஓரத்தைச் சிறு சிறு மடிப்புகளாகக் கிள்ளிக்கொண்டே வந்து, உச்சியில் ஆவி போக ஒரு துளை விட வேண்டும். கொழுக்கட்டை பிடித்த கை என்ற கர்வத்தில் நான் துளையையும் சேர்த்து மூடிவிட, வீட்டுக்கார அக்கா ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் திறந்துவைத்தார். தட்டுகளை வெளியே வைத்தால் போதும், குளிரே உறைபெட்டியாகிவிடுகிறது. இரவுக்குள் 900 தேறின. இது குறைவு என்கிறார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று ‘பித்தூன்’, அதாவது நிலவே தென்படாத கடைசி இரவு. பழைய கடனோடு புத்தாண்டில் நுழையக்கூடாது என்பதால் அக்காவின் கணவர் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்தார். இருட்டியபின், இன்றிரவு வீடுவீடாக வரும் பௌத்தக் காவல் தெய்வமான பல்தன் லாமோ தேவியின் கோவேறு கழுதைக்குத் தாகம் தீர, வாசலில் மூன்று பனிக்கட்டித் துண்டுகளை வைத்தார்கள். இன்று அரைவயிறாகப் படுத்தால் ஆண்டு முழுவதும் பசிதான் என்று நம்புகிறார்கள். ஆகவே ‘போதும்’ என்ற சொல்லை யாருமே காதில் வாங்கவில்லை.

மார்ச் 1, சனி

விடியலில் குன்றேறிச் சூரியனை வணங்கிவிட்டு, முதலில் பாட்டியின் வீட்டுக்குப் போனோம். இன்றைய வணக்கத்தில் இளையவர் உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து, மூத்தவரின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி, ‘அமர் பைன ஊ’ என்று நலம் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் தமக்குள் இப்படி வணங்கிக்கொள்வதில்லை. நீலப் பட்டுத்துணியான ‘கதக்’கை விரித்த கைகளில் ஏந்திப் பாட்டியின் முழங்கைகளைத் தாங்கியபோது, தடித்த ‘தேல்’ அங்கிக்குள் அந்தக் கைகள் எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்பது தெரிந்தது. அவர் குனிந்து என் கன்னத்தை முகர்ந்தார்.

அடுத்து வந்த உறவுக்காரப் பெண்ணிடம்தான் தவறிவிட்டேன். என்னைவிட இளையவர் என்று முகத்தை வைத்தே முடிவுகட்டி, அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்துவிட்டேன். அறையே சிரித்தது. இங்கே ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கின் பெயர் உண்டு. எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தேன் என்று விசாரித்துக் கணக்குப் பார்த்ததில், அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்று தெரியவர, மறுபடியும் முறைப்படி வணங்கினேன். அதன்பின் எந்த வீட்டிலும் முதலில் பிறந்த ஆண்டைத்தான் கேட்டேன்.

மேசை நடுவே, செருப்பு அடியின் வடிவில் பொரித்த ‘உல் போவ்’ ரொட்டிகளை ஏழு அடுக்காக அடுக்கி, மேலே உலர்ந்த தயிர்க்கட்டிகளையும் சர்க்கரைக் கட்டிகளையும் வைத்திருந்தார்கள். தாத்தா பாட்டி வீட்டுக்கு ஏழு, பெற்றோருக்கு ஐந்து, இளம் தம்பதிக்கு மூன்று. அடுக்கு ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும். இன்பம், துன்பம் என்று மாறி மாறி எண்ணிக்கொண்டு போனால் கடைசி அடுக்கு இன்பத்தில் முடியுமாம். சோசலிச ஆட்சியில் இந்தப் பண்டிகை கூட்டுப்பண்ணை மேய்ப்பர்களின் நாளாகச் சுருங்கியிருந்தது என்றும், 1990க்குப் பிறகே பழைய நிலைக்குத் திரும்பியது என்றும், உப்பிட்ட பால்தேநீரை ஊற்றியபடியே பாட்டி சொன்னார்.

மார்ச் 3, திங்கள்

மூன்று நாளில் 14 வீடுகள். விருந்தாளிதான் பரிசு கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே விருந்தாளியையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. என் பையில் இப்போது ஆறு ஜோடி காலுறைகள் இருக்கின்றன. மாலையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்தான். நான் பழக்கதோஷத்தில் உள்ளங்கைகளை மேல்நோக்கி நீட்ட, அவன் பொறுமையாக என் கைகளைத் திருப்பிவிட்டு, தன் கைகளை அடியில் கொடுத்து முழங்கைகளைத் தாங்கினான். அவனுக்கும் காலுறையே கொடுத்தேன், அளவுதான் பெரிது.