சன்போர்டில் பைக்கால் ஏரி: பதினேழு தட்டு முடிந்தது

உலகிலேயே ஆழமான ஏரியை மாடலாகச் செய்யலாம் என்று உட்கார்ந்தால், முதல் கணக்கிலேயே சிரிப்பு வந்துவிட்டது. 10 கி.மீ.க்கு 1 செ.மீ. என்று வைத்தால் சைபீரியாவின் பைக்கால், 636 கி.மீ. நீளம், மேசைமேல் 64 செ.மீ. வருகிறது. சரி, ஆழம்? 1642 மீட்டர் வெறும் 1.6 மி.மீ. ஆகிவிடுகிறது. தோசைகூட அதைவிடத் தடிமன்.

வேறு வழியில்லாமல் ஆழத்தை மட்டும் 50 மடங்கு பெருக்கினேன். 5 மி.மீ. சன்போர்டு (கத்தியால் வெட்டக்கூடிய நுரை அட்டை) ஒன்று 100 மீட்டர். மொத்தம் 17 தட்டு.

முதல் தட்டில் ஏரியை வெட்டி எடுத்ததும் ஓல்கோன் தீவும் சேர்ந்தே கையோடு வந்துவிட்டது. தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர்தானே, எதில் பிடித்துக்கொண்டு நிற்கும்! அப்புறம் தீவுத் துண்டுகளுக்கு எண் போட்டுத் தனியே எடுத்து வைத்தேன்.

மேற்குக் கரையை வெட்டுவது சுலபம். பல தட்டுகளில் ஏறக்குறைய ஒரே கோட்டில் கத்தி போகிறது, அவ்வளவு செங்குத்து. கிழக்கே படிப்படியாக விலக வேண்டும். நிலம் இரண்டாக விலகும் பிளவில், பாறைத்தளம் மேற்குப் பக்கம் அதிகமாக இறங்கியதால் வந்த கோணல் இது.

நான்கைந்து தட்டு இறங்கியதும் ஒரே ஓட்டை மூன்றாகப் பிரிந்தது. நான் தவறாக வெட்டிவிட்டேன் என்று அரை மணி நேரம் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை, அடியில் பைக்கால் மூன்று குழிதான். செலங்கா ஆற்றின் கழிமுகத்துக்கு எதிரே ஒரு மேடு, ஓல்கோனுக்கு வடக்கே இன்னொன்று. வடக்குக் குழி ஒன்பது தட்டோடு நின்றுவிட்டது. பதினேழாவது தட்டில் நடுக்குழிக்கு மட்டும் ஒரு சின்னக் கீறல்.

ஏரியின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு 456 மீட்டர் மேலே. கடல் மட்டம் எது என்று காட்ட, மேலிருந்து 2.3 செ.மீ. கீழே ஒரு சிவப்பு நூல் கட்டினேன். மீதி ஆழம் முழுவதும் கடல் மட்டத்துக்கும் கீழே.

மிச்சம் இருப்பது அடிவண்டல். 2.5 கோடி ஆண்டுகளாகப் படிந்து, சில இடங்களில் 7 கி.மீ. தடிமன் இருக்கிறது. என் அளவில் 35 செ.மீ. உயரப் பெட்டி வேண்டும். அலமாரியில் இடம் 28 செ.மீ.தான். மேல்தட்டைக் கழற்றச் சொல்லி வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.