விழுந்த மரத்துக்கும் சட்டம் உண்டு

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறும் நம்மவர்களுக்கு, வீதியின் கோடியில் வேலிக்குள் நிற்கும் காட்டுத்துண்டு யாரும் கவனிக்காத வளவு போலவே தெரியும். அங்கே சருகு கூட்டப்படுவதில்லை. முறிந்த யூகலிப்டஸ் மரம் விழுந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. விடிந்ததும் முற்றம் கூட்டும் ஊரில் வளர்ந்த எனக்கு, இத்தகைய காட்டுத்துண்டுகளைப் பேணும் மாநகரசபையின் புஷ்கேர் குழுவில் தொண்டராகச் சேர்ந்த பிறகே அதன் காரணம் விளங்கியது. பட்ட மரங்களையும் விழுந்த கட்டைகளையும் அகற்றுவதை, அருகிவரும் உயிர்களுக்கு ஊறு விளைவிக்கும் செயல்களில் ஒன்றாக நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டமே பட்டியலிட்டுள்ளது.

மரத்தடியில் உரிந்து குவிந்திருந்த பட்டையைக் குழுத்தலைவி மெல்லத் தூக்கிக் காட்டியபோது, தொட்டால் நொறுங்கிவிடும் போன்ற மெல்லிய பழுப்பு ஓட்டுடன் ஒரு நத்தை அடியில் ஒட்டியிருந்தது. மேற்கு சிட்னி அமைந்துள்ள சமவெளியின் பெயரால் கம்பர்லாந்துச் சமவெளி நத்தை எனப்படும் அது பூஞ்சணத்தைத் தின்று வாழ்வது. வறட்சி வந்தால் மண்ணுக்குள் புதைந்துகொள்வது. நம் கீரைப்பாத்தியை மேயும் தடித்த ஓட்டு நத்தையோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்த மெல்லிய ஓட்டு நத்தைக்கு வீடான கம்பர்லாந்துச் சமவெளி வனத்தில், ஐரோப்பியர் வருமுன் இருந்த பரப்பின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே எஞ்சியுள்ளது. 2009இல் மத்திய அரசு அதனை மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ளதாக அறிவித்தது. எஞ்சியதும் வீதிகளுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பதால், ஒரு துண்டில் அழியும் நத்தைக்கு ஈடாக அடுத்த துண்டிலிருந்து இன்னொன்று ஊர்ந்து வரப்போவதில்லை.

களையெடுப்பில் நாங்கள் பின்பற்றுவது, 1960களில் சிட்னியின் மொஸ்மன் பகுதியில் ஜோன், ஐலீன் பிராட்லி சகோதரிகள் வகுத்த முறை. களை மண்டிய இடத்தில் தொடங்காமல், காடு நலமாக இருக்கும் இடத்தில் தொடங்கி, நாட்டுச்செடிகள் தாமாக முளைத்து இடத்தை நிரப்பும் வேகத்திலேயே வெளிநோக்கி நகரவேண்டும். ஆபிரிக்க ஒலிவ் மரத்தை வேரோடு பிடுங்கினால் கிளறிய மண்ணில் புதிய களைகள் முளைக்கும் என்பதால், அடியோடு அறுத்து, வெட்டுவாய் காயுமுன் களைக்கொல்லி பூசுகிறோம். நாயுண்ணி (லந்தானா) எனும் களைப்பற்றையை ஒரே நாளில் வெட்டித் தள்ளவும் விடமாட்டார்கள். நீலத்தலைச் சிறு ரென் குருவிகள் பூனைக்கும் பெரிய பறவைகளுக்கும் பயந்து ஒளிவது அதற்குள்தான். ஒரு பகுதியை வெட்டி, அங்கே நாட்டுப் புதர் தலையெடுத்த பிறகே அடுத்த பகுதி. வேலையை ஒரேயடியாக முடித்துவிடத் துடிக்கும் என் போன்றோருக்கு இந்தப் பொறுமைதான் கடினம்.

எனக்கு எரிச்சலூட்டுவது, வேலிக்கு மேலால் வந்து விழும் புல்வெட்டுக் குப்பையும் வேண்டாத தொட்டிச்செடிகளும். மக்கி உரமாகட்டும் என்று நல்லெண்ணத்தோடு கொட்டுபவர்களும் உண்டு. ஆனால் உரம் கூடிய மண்ணில் களைகளே முந்திக்கொள்கின்றன. பிராட்லி முறைப்படி மிக மோசமான இடம் கடைசியில் வருவதால், எங்கள் குழு அந்த வேலியோரத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை.