கோடு விழுந்த கதை

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு இவர் தொலைபேசியில் அழைத்து, "கோடு விழுந்துவிட்டது" என்றார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் தவறு. தூங்குகிறார் என்று நான் நம்பியிருந்த அத்தை எழுந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கம்? கதவிலா, பம்பரிலா? இப்போதுதானே பெயிண்ட் அடித்தது!" என்று புலம்பத் தொடங்கிவிட்டார். அந்தக் கோடு இல்லை அத்தை, கம்ப்யூட்டர் போடும் கோடு என்றேன். "கம்ப்யூட்டர் எதற்கு நம் லாரியில் கோடு போடுகிறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடிந்ததும் பக்கத்து வீட்டில் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஃபால்ட் கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண், பார்க்கும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் அந்த ஆக்சிலரேட்டர் பெடல்தான். டாஷ்போர்டில் எஸ்.பி.என் 91, எஃப்.எம்.ஐ 3 என்று வந்தது. 91 என்றால் பெடல் என்று யாரோ சொல்ல, அண்ணனும் தம்பியுமாகப் போய்ப் புதுப் பெடல் வாங்கி மாட்டினார்கள். விளக்கு அணையவில்லை. அன்றுதான் தையல் இயந்திரத்தின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த வண்டிப் புத்தகத்தை உருவிப் படித்தேன். தையல் இயந்திரம் அன்றிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. கனரக வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஜே1939 என்ற முறையில் பேசிக்கொள்கின்றன. அதில் எஸ்.பி.என் எழுவாய், எஃப்.எம்.ஐ பயனிலை. எதைப் பற்றிய பேச்சு என்பதை முதல் எண் சொல்லும். அதற்கு என்ன வந்தது என்பதை 0 முதல் 31 வரையுள்ள இரண்டாவது எண் சொல்லும். எழுவாயை மட்டும் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறவர்களை என்ன செய்வது? 3 என்றால் வோல்டேஜ் இருக்கவேண்டியதைவிட அதிகம். சென்சாரின் எர்த் கம்பி அரித்துப்போனாலே அப்படிக் காட்டும். எங்கள் வண்டியில் அதுதான் அரித்துப்போயிருந்தது. குற்றமற்ற பழைய பெடல் இப்போது எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் காலத்தில் புகைதான் கோடு. கறுப்பென்றால் டீசல் அதிகம், நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்பார். இன்றைய வண்டிகளில் புகையே கண்ணில் படுவதில்லை என்பது அவருக்குத் தனிப்பட்ட அவமதிப்பு.

கொழுந்தன் அவருக்கு நேரெதிர். கருவி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். கோடு படிக்கிற கருவி ஒன்றை வாங்கிவந்தார். ஒன்பது முள் கொண்ட வட்டப் பிளக், கறுப்பு நிறம். எங்கள் வண்டியின் சாக்கெட்டோ பச்சை. கறுப்பு பழைய வகை, வினாடிக்கு 250 கிலோபிட் வேகம், பச்சை 500. பச்சைப் பிளக் இரண்டு சாக்கெட்டிலும் நுழையும். கறுப்புப் பிளக் பச்சை சாக்கெட்டில் நுழையாது, நுழையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சுத்தியல் எடுக்கப்போனவரைத் தடுத்தது நான்தான். கருவி பெட்டிக்குள் போய்விட்டது. ஆகவே டாஷ்போர்டில் தெரிவதை இவர் வாயால் வாசிக்க, நான் வீட்டில் புத்தகத்தைப் புரட்டுகிறேன்.

நேற்று வாசித்தது: "111, 4, 27."

111 என்றால் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிரவைக்கும் திரவத்தின் அளவு. "தண்ணீர்தானே, ஊற்றிவிடுகிறேன்" என்று இவர் கிளம்பினார். முதலில் சூடான தொட்டியின் மூடியைத் தொடாதீர்கள் என்று கத்தினேன். அத்தை மறுபடி எழுந்தார். எஃப்.எம்.ஐ 1 என்று வந்திருந்தால் அளவு உண்மையிலேயே ஆபத்தாகக் குறைந்துவிட்டது, ஓரங்கட்ட வேண்டியதுதான். 4 அப்படியில்லை; சென்சார் கம்பியில் வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கே தெரியாது. கேள்வி காதில் விழாதவரிடம் பதிலை எதிர்பார்க்க முடியுமா?

கண்ணால் பாருங்கள் என்றேன். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. சென்சார் பிளக்கைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் 4 போய் 3 வந்தது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. புத்தகத்தில் படித்ததை மைல் கணக்கில் தள்ளி நிற்கிற ஒரு லாரி அப்படியே செய்துகாட்டுகிறது! இப்படி மாறினால் கம்பியும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் நல்லவைதான். கோளாறு சென்சாரில், அல்லது பிளக்குக்குள். "பிளக்குக்குள் என்ன இருக்கிறது?"

"தண்ணீர்."

"தண்ணீர் எப்படி வந்தது?"

மௌனம். பக்கத்தில் கொழுந்தன் இருமுகிற சத்தம்.

அப்போதுதான் மூன்றாவது எண் என் மூளையில் ஏறியது. 27. அது கோளாறின் எண் இல்லை. இந்தக் கோடு எத்தனை முறை வந்துபோனது என்ற கணக்கு. 27 முறை! ஒரே இரவில் 27 முறை வருமா? மெல்ல மெல்ல உண்மை வெளியே வந்தது. மூன்று வாரமாக விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்திருக்கிறது. எரிந்தபோதெல்லாம் கொழுந்தன் நிறைந்த தொட்டியில் மேலும் வெறும் தண்ணீர் ஊற்ற, அது வழிந்து பக்கத்திலிருந்த பிளக்கில் இறங்க, அதனால் விளக்கு மறுபடி எரிய, அவர் மறுபடி ஊற்ற... நடுவில் ஒருநாள் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டியும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வண்டி அதற்கெல்லாம் மறந்துவிடுகிற வண்டி இல்லை. கூலன்ட் இப்போது பேருக்குத்தான் கூலன்ட். மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அந்தச் செலவு யார் கணக்கில் என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

"சரி, மூன்று வாரமாக எரிந்த விளக்கை நேற்றைக்கு மட்டும் எனக்குச் சொல்ல எப்படித் தோன்றியது?"

"பசை காய்ந்து போட்டோ விழுந்துவிட்டது."

"எந்தப் போட்டோ?"

என் போட்டோ. பாஸ்போர்ட் அளவு. தொலைதூரப் பயணத்தில் உன் முகம் எதிரில் இருந்தால் தெம்பாக இருக்கும் என்று கேட்டு வாங்கிப் போனாரே, அதே போட்டோ. நானும் இரண்டு நாள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிற இடத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதாம்.

"மறைக்க வேண்டும் என்று ஒட்டவில்லை. இரவில் உன் முகம் திடீரென்று மஞ்சளாக ஒளிரும். பார்க்க நன்றாக இருக்கும்" என்றார்.

"சிவப்பாக ஒளிர்ந்திருந்தால்?"

மஞ்சளென்றால் கவனி, சிவப்பென்றால் உடனே வண்டியை நிறுத்து. அது அவருக்கும் தெரியும். "உன் முகம் சிவந்து நான் நிறுத்தாமல் இருந்ததுண்டா?" என்று கேட்டார். நள்ளிரவில், ஓரங்கட்டிய லாரியில், கையில் ஈரப் பிளக்கோடு. அதற்குமேல் கத்த முடியவில்லை. அத்தை வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிளக்கை ஊதித் துடைத்து, காயவைத்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. கோடு பழைய கோடுகளின் பட்டியலுக்குப் போய்விட்டது. அழிக்காதீர்கள், மெக்கானிக் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். போட்டோவை விளக்கே இல்லாத இடத்தில் ஒட்டச் சொன்னேன்.

இன்று காலை படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஸ்டியரிங்கின் நட்டநடுவில் ஒட்டியிருக்கிறார். எங்கள் லாரிக்கு ஹாரன் அங்கேதான். இனி குறுக்கே வருகிற ஒவ்வொருவருக்காகவும் என் மூக்கில்தான் குத்தப்போகிறார்.